ஆர்க்கி லாந்தேரோஸின் ஐந்து காலகட்டங்கள்

மழை வந்தால் பெரும்பாலான மனிதர்கள் கூரையைத் தேடி ஓடுவார்கள். மழை வந்தால் கூரையைப் பற்றி விளக்கம் சொல்ல ஆரம்பிப்பவர்களும் உலகத்தில் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவது வகையறாவைப் பற்றி. நவீன கட்டடக்கலை மேதை என்று அவர்களுக்குப் பெயர். பெயரை வைத்தவர்களும் பெரும்பாலும் அவர்களேதான்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவரிடம் ஜன்னல் கேட்டால் ஒளியைப் பற்றிப் பேசுவார். கதவு கேட்டால் 'பிரவேசம்' என்பார். சமையலறை எங்கே என்று வீட்டுக்காரி கேட்டுவிட்டால், கண்ணை மூடி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கம்பளிச் சட்டையின் ஓரத்தில் மெல்லத் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, கேட்டவளை அல்லாமல் அவளுக்குப் பின்னால் இருக்கும் வெற்றுச் சுவரைப் பார்த்து, "இடம் என்ன கேக்குதுன்னு முதல்ல நாம கேக்கணும்" என்பார். இடம் எப்போதும் அவருக்குப் பிடித்ததைத்தான் கேட்கும். மௌனத்தைப் பற்றி மட்டும் இரண்டு மணி நேரம் தொடர்ந்து பேசக்கூடியவர். இப்படி ஒருவர் இல்லாத நாடு உண்டா? மெக்சிகோ நகரத்தில் எங்களுக்கு வாய்த்தவர் எவரிஸ்தோ லாந்தேரோஸ்.

எங்கள் ஊரில் கட்டடக்கலைஞரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஆர்க்கி' என்போம். அதில் மரியாதையும் இருக்கும், தோளில் கை போடுகிற உரிமையும் இருக்கும். எவரிஸ்தோவுக்கு முதல் பாதி பிடிக்கும். மற்ற பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிட ஆணுக்குத் 'தோன்', பெண்ணுக்குத் 'தோன்யா'.

ஐரோப்பாவில் ஓராண்டு சுற்றிவிட்டுத் திரும்பியதும் அவருடைய முதல் காலகட்டம் தொடங்கியது. அது கண்ணாடிக் காலகட்டம். சோப்பு ஆலை வைத்திருந்த தோன் அபுந்தியோ செர்வேரா என்ற அப்பாவி மனிதர் வசமாக அகப்பட்டார். வீடு முடிந்தது. நாலு பக்கமும் கண்ணாடி. பத்திரிகைகள் வந்தன, படம் பிடித்தன, போயின. அதன் பிறகு தோன் அபுந்தியோ அந்த வீட்டில் குடியிருக்க வேண்டி வந்தது.

"ஆர்க்கி, நான் பனியனோட பல்லு தேய்க்கிறதத் தெருவே நின்னு பாக்குது."

"நீங்க தெருவோட உரையாடுறீங்க, தோன் அபுந்தியோ."

"தெருவோட பேச எங்கிட்ட ஒண்ணுமில்ல. எனக்கு ஒரு திரைச்சீலை போதும்."

அந்த வாரமே பூப்போட்ட திரைச்சீலை வந்து தொங்கியது. எவரிஸ்தோ அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார். யாராவது தோன் அபுந்தியோவின் பெயரை எடுத்தால், அகால மரணம் அடைந்த நண்பரைப் பற்றிப் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு ஊருக்கு வெளியே இருக்கும் பழங்காலப் பிரமிடுகளைப் பார்க்கப் போனார். படியேறும்போது கண்ணாடிக்காரராக ஏறியவர் கல்லுக்காரராக இறங்கினார். மறுமாதம் ஒரு நீண்ட கட்டுரை வந்தது. கண்ணாடி அந்நியர்களின் நோய். நம் மூதாதையர் கல்லில் சிந்தித்தார்கள். கண்ணாடி வீட்டில் வாழ்கிறவன் வேரில்லாதவன். நேற்று நான் முட்டாளாக இருந்தேன் என்று அதில் அவர் எழுதவில்லை. நேற்று நீங்களெல்லாம் முட்டாள்களாக இருந்தீர்கள் என்று எழுதினார். மேதைக்கும் சாதாரண மனிதனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

கல் காலகட்டத்தில் பல் மருத்துவர் பெனிக்னோ உர்ரேயாவும் அவர் மனைவி சொக்கோரோவும் மாட்டினார்கள். கருங்கல் சுவர், தெருப் பக்கம் ஒரு ஜன்னல் கிடையாது. வாசல் இரண்டு சுவர்களுக்கு நடுவில் ஒளிந்திருந்தது. தபால்காரர் மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடிதங்களைச் சுவருக்கு மேலாக வீசிவிட்டுப் போனார். அவை மேலே திறந்திருந்த கூடத்தின் நடுவே இருந்த குளத்தில் போய் விழுந்தன. ஆமாம், கூடத்தின் நடுவே குளம். பேரனின் ஞானஸ்நான விருந்தில் ஞானத்தந்தை அதில் முழங்கால் வரை இறங்கிவிட்டார். நல்ல வேளை, அவர் கையில் இருந்தது கேக். குழந்தை அவர் மனைவி கையில் இருந்தது. எவரிஸ்தோவும் அந்த விருந்தில் இருந்தார். "பாத்தீங்களா, தண்ணி அவரைக் கூப்பிட்டிருக்கு" என்றார்.

இவ்வளவு கட்டிய மனிதர் எங்கே குடியிருந்தார் என்று கேட்கிறீர்களா? கேட்கத்தான் வேண்டும். மனைவி ஒத்தீலியாவுக்கு அவள் குடும்பத்திலிருந்து வந்த பழைய வீட்டில். தடித்த சுவர், ஓட்டுக் கூரை, ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி. முற்றத்தைச் சுற்றி அகலமான தாழ்வாரம். "இது தற்காலிகம்" என்று கல்யாணமான புதிதில் சொன்னார். அவர் தலை நரைத்த பிறகும் அது தற்காலிகமாகவே இருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடியவை. சோப்பு ஆலைக்காரருக்குத் திரைச்சீலை வாங்க வசதி இருந்தது. பல் மருத்துவருக்குக் குளத்தை மூட வசதி இருந்தது. மூன்றாவதான வானக் காலகட்டத்தில்தான் எவரிஸ்தோவிடம் ஒரு சந்தையைக் கொடுத்தார்கள்.

நகரத்தின் தென்கிழக்கில் லா கந்தேரியா என்ற பேட்டை. அங்கே தெருவோரத்தில் கடை போட்டிருந்த காய்கறிக்காரர்கள், மிளகாய் வியாபாரிகள், கறிக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே கூரையின் கீழ் இடம் என்று நகராட்சி முடிவு செய்தது. எவரிஸ்தோ வரைபடத்தை விரித்துக் காட்டிய கூட்டத்தில் வியாபாரிகளின் சார்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் கிரெசென்சியா தோவார். பெரிய அண்டாவில் சோளமும் பன்றிக்கறியும் கொதிக்கும் போசோலே சூப்பு அவள் வியாபாரம். பேட்டையே அவளிடம் சாப்பிடும். பேட்டையே அவளிடம் திட்டும் வாங்கும்.

வரைபடத்தில் கான்கிரீட் கூரை பலகை பலகையாக இருந்தது. ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு இடைவெளி.

"ஆர்க்கி, நடுவுல நடுவுல விட்டிருக்கீங்களே, அத எப்ப மூடுவாங்க?"

"மூட மாட்டாங்க, தோன்யா. அது வானம்."

"வானம்னு தெரியுது. மழை அங்கேருந்துதான வருது?"

கூட்டம் சிரித்தது. எவரிஸ்தோ சிரிக்கவில்லை; கோபப்படவுமில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூவாயிரம் வருஷமா நம்ம ஜனங்க வானத்துக்குக் கீழதான் சந்தை வச்சிருக்காங்க. நான் அந்த வானத்த உங்களுக்குத் திருப்பித் தர்றேன்."

"எங்களுக்கு வானம் இருக்கு, ஆர்க்கி. கூரைதான் இல்ல."

நகராட்சி அதிகாரி கைதட்டினார். எதற்குத் தட்டினார் என்று அவருக்கே தெரியாது. திட்டம் நிறைவேறியது.

மார்ச் மாதத்தில் திறப்பு விழா. எங்கள் ஊரில் மார்ச்சில் ஒரு சொட்டு விழாது. விழாவுக்கு முதல் நாள் படம் பிடித்தார்கள். கடைக்காரர்கள் ஒருவரும் உள்ளே வரக் கூடாது என்று எவரிஸ்தோ கட்டளை. மனிதர்கள் நின்றால் அளவு கெட்டுவிடுமாம். தரையில் நீள நீளமாக வெயில் கோடுகள், ஒரு மூலையில் ஒற்றைப் பூசணிக்காய். அந்தப் படம் வெளிநாட்டுப் பத்திரிகையின் அட்டையில் வந்தது. அந்தப் பூசணிக்காயைக்கூட எவரிஸ்தோ வீட்டிலிருந்துதான் கொண்டுவந்தார்.

ஜூனில் மழை இறங்கியது. எங்கள் ஊர் மழை ஒழுங்கானது. தினமும் பிற்பகலில், சாப்பாட்டு நேரம் முடிகிற வேளையில் வந்து, கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டுப் போகும். முதல் நாளே கொத்தமல்லிக் கட்டுகள் நடைபாதையில் மிதந்து போயின. காய்ந்த மிளகாய் பூஞ்சை பிடித்தது. கிரெசென்சியாவின் அண்டாவில் தண்ணீர் விழுந்து போசோலே கழுவின நீர் மாதிரி ஆயிற்று. ஒரு வாடிக்கையாளர் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, "என்ன தோன்யா, இன்னிக்கு நோயாளிப் பத்தியமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் அவள் ஒரு பெரிய ரோஜா நிறத் தார்ப்பாய் வாங்கி வந்து, எவரிஸ்தோவின் தூணுக்குத் தூண் கயிறு கட்டி விரித்துவிட்டாள்.

பக்கத்துக் கடைக்காரர் நீலம் கட்டினார். எதிர்க்கடை மஞ்சள். ஒரே வாரத்தில் சந்தைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மாணவர்கள் சூழ, தன் படைப்பைக் காட்ட வந்த எவரிஸ்தோ அதைப் பார்த்தார். அவரை நான் கேலி செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் அவருடைய வேதனை பொய்யில்லை. பெற்ற பிள்ளையின் முகத்தில் யாரோ சாயம் பூசிவிட்டதைப் பார்ப்பவர்போல நின்றார். கயிறுகள் தூணின் விளிம்பை அறுத்திருந்தன. ஒரு கொக்கியில் யாருடைய காலுறையோ காய்ந்துகொண்டிருந்தது. நேராக நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்.

போலீஸ் வந்து தார்ப்பாய்களை அவிழ்த்தது. மறுநாள் மழைக்கு முன் அவை திரும்பக் கட்டப்பட்டன. மறுபடி அவிழ்த்தார்கள். மறுபடி கட்டினார்கள். கடைசியில் ஓர் உத்தரவு வந்தது: தார்ப்பாய் கட்டுகிறவர் கடையை இழப்பார். எல்லோரும் அவிழ்த்தார்கள். கிரெசென்சியா அவிழ்க்கவில்லை. அவள் கடைக்குக் காகிதப் பட்டை ஒட்டி முத்திரை வைத்தார்கள். அண்டா உள்ளே, அவள் வெளியே.

அன்று பிற்பகல் அவள் எவரிஸ்தோவின் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். வந்து சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒத்தீலியா கதவைத் திறந்து, ஒரு துண்டைக் கொடுத்து, தாழ்வாரத்தில் உட்காரவைத்து, காப்பியும் இனிப்பு ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். எவரிஸ்தோ உள்ளேயிருந்து வந்து எதிரில் உட்கார்ந்தார். முற்றத்தில் மழை சோவென்று கொட்டியது. தாழ்வாரத்தில் ஒரு துளி இல்லை.

கிரெசென்சியா ஓட்டையும் உத்திரத்தையும் நிதானமாகப் பார்த்தாள்.

"நல்ல வீடு. நீங்க கட்டினதா ஆர்க்கி?"

"இல்ல" என்றார் எவரிஸ்தோ. "இது தற்காலிகம்."

"எங்க தாத்தா கட்டினது" என்றாள் ஒத்தீலியா.

"அவரும் ஆர்க்கிடெக்டா?"

"கோவேறு கழுதை வியாபாரி."

"அதான்" என்றாள் கிரெசென்சியா. "கழுதை நனையக் கூடாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

ஒத்தீலியாவுக்குக் காப்பி புரையேறியது. அவள் எழுந்து உள்ளே போனாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எவரிஸ்தோவின் காது சிவந்தது.

"தோன்யா, உங்களுக்குப் புரியல. மழைங்கிறது ஓர் அனுபவம். அதை நாம மறந்துட்டோம்."

"அப்ப நாளைக்கு மழை நேரத்துக்கு வாங்க. வந்து அனுபவிங்க. நின்னு பாத்துட்டு, சரின்னு நீங்க சொல்லுங்க, அந்தத் தார்ப்பாய நானே கிழிச்சுப் போடுறேன்."

இப்படிச் சொன்ன பிறகு வராமல் இருந்தால் ஒத்தீலியாவின் முகத்தில் விழிக்க முடியாது. வந்தார்.

சந்தை முழுக்கக் கடையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றது. எவரிஸ்தோ நடுக்கூடத்தில் ஓர் இடைவெளிக்கு நேர் கீழே போய் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைத் தூக்கினார். மழை வந்தது. முதலில் முன்நெற்றியில் விழுந்தது, பிறகு மூக்குக் கண்ணாடியில், பிறகு கம்பளிச் சட்டை தண்ணீரைக் குடித்துக் குடித்து முழங்கால் வரை தொங்க ஆரம்பித்தது. அவர் அசையவில்லை. பிடிவாதத்தில் அவருக்கு நிகர் அவரேதான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மிளகாய் வியாபாரி ஒருவர், "என்ன ஆர்க்கி, வானம் எப்படி இருக்கு?" என்று கத்தினார். "அற்புதம்" என்று பதில் வந்தது. பாதித் தும்மலாக வந்தது.

"போதும், செத்துகித்துத் தொலைச்சிடப் போறாரு" என்றாள் கிரெசென்சியா. முத்திரை வைத்த கடைக்கு மேலே ரோஜாத் தார்ப்பாய் இன்னும் இருந்தது. அதன் வயிறு தண்ணீரால் புடைத்துத் தொங்கியது. இங்கே எந்தச் சந்தையிலும் பார்க்கலாம், துடைப்பக் கட்டையை எடுத்துக் கீழிருந்து ஒரு தள்ளு தள்ளினால் தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து கொட்டும். அவள் தள்ளினாள். எந்தப் பக்கம் கொட்டும் என்று அவள் பார்க்கவில்லை என்றுதான் இன்றுவரை சொல்கிறாள். மொத்தத் தண்ணீரும் எவரிஸ்தோவின் தலையில் இறங்கியது.

அவரைப் பிடித்திழுத்துத் தார்ப்பாய்க்கு அடியில் உட்காரவைத்தார்கள். பக்கத்துக் கடையிலிருந்து யாரோ ஒரு போர்வையைப் போட்டார்கள். கிரெசென்சியா முத்திரைப் பட்டையை நகத்தால் கிழித்து உள்ளே போய், அடுப்பை மூட்டி, கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணம் சூடான போசோலேயை அவர் கையில் வைத்தாள். அவர் குடித்தார். பற்கள் தந்தியடித்தன. சுற்றிலும் ஈரமான மனிதர்கள், ஈரமான சாக்குகள், மிளகாய் நெடி. யாரும் இப்போது சிரிக்கவில்லை. இத்தனை பேரும் ஒரு பருவம் முழுக்க இப்படித்தான் நின்றிருக்கிறார்கள் என்பது அவருக்கு உறைத்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"தோன்யா, நான்..."

'தப்புப் பண்ணிட்டேன்' என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அந்த ஒரு கணம் எவரிஸ்தோ லாந்தேரோஸ் நம்மைப் போல ஒரு மனிதர். அது அவருக்குப் பழக்கமில்லாத நிலை. தாங்க முடியாமல் அண்ணாந்து பார்த்தார்.

மழை விட்டு வெயில் வந்திருந்தது. தார்ப்பாய் வழியாக ரோஜா வெளிச்சம் எல்லோர் முகத்திலும் விழுந்திருந்தது.

"இந்த நிறத்த யார் தேர்ந்தெடுத்தது?" என்று கேட்டார்.

"கடைல அதுதான் இருந்துச்சு."

"இல்ல" என்றார் எவரிஸ்தோ. "இடம் கேட்டிருக்கு."

நான்காம் காலகட்டம் பிறந்துவிட்டது. அது துணிக் காலகட்டம்.

மறுவாரமே அவர் நகராட்சிக்குப் போய், தார்ப்பாய்களைத் தடுப்பவர்கள் மக்களின் விரோதிகள் என்று மேசையைத் தட்டினார். உத்தரவு ரத்தாயிற்று. கிரெசென்சியாவின் கடை திறந்தது. எல்லா நிறமும் திரும்ப ஏறின. அவரால் நன்மையே நடக்கவில்லை என்று நாளைக்கு யாரும் என்னிடம் வந்து சொல்லக் கூடாது. வழக்கம்போல் கட்டுரையும் வந்தது. இடைவெளிகளை அவர் ஆரம்பத்திலிருந்தே மக்களுக்காகத்தான் விட்டுவைத்தாராம். கலைஞன் பாதியில் நிறுத்த வேண்டும், மீதியை மக்கள் முடிக்க வேண்டும், அதற்காகவே காத்திருந்தாராம். தேசியப் பதக்கம் கிடைத்தது. விழாவில் இரண்டாவது வரிசையில் வியாபாரிகளை உட்காரவைத்திருந்தார்கள். பேச்சைக் கேட்டுவிட்டுக் கிரெசென்சியா பக்கத்தில் இருந்த ஒத்தீலியாவிடம் குனிந்தாள்.

"இத அவரு முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க நனைஞ்சிருக்க மாட்டோமே."

"அவருக்கே போன மாசம்தான் தெரியும்" என்றாள் ஒத்தீலியா.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோரும் சௌக்கியம். ஆனால் பதக்கம் வாங்கிய படைப்பைச் சும்மா விடலாமா? அரசாங்கம் சந்தையைப் பாதுகாக்கப்பட்ட கலைச்சின்னம் ஆக்கியது. தூணில் ஒரு பித்தளைத் தகடு பதித்தார்கள். கூரை, தூண், தார்ப்பாய், கயிறு எதையும் யாரும் தொடக் கூடாது. உங்களுக்குத் தெரியும், தார்ப்பாய் எங்கள் வெயிலில் இரண்டு கோடை தாங்கினால் அதிகம். ரோஜா வெளுத்தது. நீலம் நூல் நூலாகப் பிரிந்தது. அடுத்த ஜூனில் போசோலேயில் மறுபடி மழை. கிரெசென்சியா புதுத் தார்ப்பாயோடு ஏணியில் ஏறினாள். கலைச்சின்னத்துக்கென்று போட்டிருந்த காவலர் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"இறங்குங்க தோன்யா, அது கலைப்படைப்பு."

"அடேய், அது நான் வாங்கின தார்ப்பாய்டா!"

"இப்ப அது தேசத்தோடது. ஆர்க்கி சம்மதிச்சாத்தான் மாத்தலாம்."

அவள் ஆர்க்கியிடம் போனாள். அவர் அப்போது ஐந்தாம் காலகட்டத்தில் இருந்தார். அது மண் காலகட்டம். கை நிறையச் சேறு. துணியா? துணி நகரத்து மனிதனின் அலங்கார ஆசை என்று போன இதழில்தானே எழுதியிருந்தார்? ஆனாலும் அன்போடு பேசினார். "கிழியட்டும் தோன்யா. காலம் அதுல வேலை செய்யுது. சிதைவும் ஓர் அழகு."

அவள் வாதாடவில்லை. போசோலே விற்றே நரைத்தவள். யாரிடம் எவ்வளவு நேரம் பேசலாம் என்று தெரியும். வெளியே வரும்போது ஒத்தீலியா வாசல் வரை கூடவே வந்து, மெல்லிய குரலில் ஒன்று சொன்னாள். "தகட்டுல கூரை, தூண், தார்ப்பாய், கயிறுன்னுதான் எழுதியிருக்கு. கூரைக்கு மேல என்ன இருக்கணும், இருக்கக் கூடாதுன்னு ஒண்ணும் எழுதல."

அடுத்த ஞாயிறு சந்தைக்கு விடுமுறை. காவலர் தன் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்தார். கிரெசென்சியாதான் அந்தக் கல்யாணத்துக்குச் சமையல் ஏற்பாடு என்பது தற்செயல். அன்று வெல்டர்கள் கூரைக்கு மேல் ஏறி, இடைவெளி ஒவ்வொன்றின் மீதும் வெளிச்சம் ஊடுருவும் நெளிநெளியான பிளாஸ்டிக் தகடுகளைச் சரிவாகப் பொருத்திவிட்டு இறங்கினார்கள். கீழிருந்து பார்த்தால் கந்தல் தார்ப்பாய்தான் தெரியும். அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று ஏறிப் பார்க்க யாருக்கு என்ன தலையெழுத்து?

சில வருஷம் கழித்து எவரிஸ்தோ புதிய மாணவர்களை அழைத்துக்கொண்டு வந்தார். பிற்பகல். வெளியே மழை பேயாகக் கொட்டியது. உள்ளே தரை உலர்ந்திருந்தது. மிளகாய் உலர்ந்திருந்தது. போசோலே கெட்டியாகக் கொதித்தது. எவரிஸ்தோ நடுக்கூடத்தில் நின்று கையை உயர்த்தினார்.

"பாருங்க. இவ்வளவு பெரிய இடைவெளி. மேல இருக்கிறது கிழிஞ்ச துணி. ஒரு சொட்டு விழுதா? அந்தக் காலத்துல என்னைக் கிறுக்கன்னாங்க. காத்தோட போக்கு, மழையோட சாய்வு, எல்லாம் அப்பவே கணக்குப் பண்ணினது." பிறகு அண்டாப் பக்கம் திரும்பினார். "என்ன தோன்யா, சரிதான?"

கிரெசென்சியா கரண்டியைத் துடைத்தாள்.

"ஆமா ஆர்க்கி. நல்ல கணக்கு."

மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். மிளகாய் வியாபாரி ஒரு மூட்டைக்குப் பின்னால் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. எவரிஸ்தோ மகிழ்ச்சியாக வீடு திரும்பி, தாழ்வாரத்தில் உட்கார்ந்து, மழையைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தார். அன்று இரவு நன்றாகத் தூங்கினார் என்று ஒத்தீலியா சொன்னாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லது. நீங்கள் செங்கல் எடுத்து அடுக்கியவர் இல்லை, பதக்கம் வாங்கியவரும் இல்லை. வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும், யார் என்ன படிக்க வேண்டும், குழம்பில் என்ன போட வேண்டும் என்று எப்போதாவது நாலு வார்த்தை சொல்லியிருப்பீர்கள், அவ்வளவுதானே? ஒன்று மட்டும் கேட்டுவிட்டு விடைபெறுகிறேன். முன்பெல்லாம் உங்களோடு மல்லுக்கு நின்ற உங்கள் வீட்டு மனிதர்கள், இப்போது கொஞ்ச நாளாக, நீங்கள் எதைச் சொன்னாலும் "ஆமா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று உடனே ஒப்புக்கொண்டுவிட்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் எழுந்து உள்ளே போகிறார்களா?